அடுத்த முறை வாள் ஜெல்டா கையில் இருக்கட்டும்!

எங்கள் வீட்டில் சில மாதங்களாக ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. சொத்துத் தகராறு இல்லை. டி.வி ரிமோட் தகராறும் இல்லை. ‘அடுத்த பாகத்தில் கேனனை யார் கொல்ல வேண்டும்?’ என்பதுதான் வழக்கு.

பயப்படாதீர்கள், கேனன் எங்கள் தெருக்காரர் இல்லை. ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி உருவாக்கிய ‘தி லெஜெண்ட் ஆஃப் ஜெல்டா’ என்ற வீடியோ கேமின் வில்லன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஒரு கட்சி. பிளஸ் டூ முடித்த என் மகள் எதிர்க்கட்சி. நடுவில் என் மாமியார் அவ்வப்போது வந்து புதுப் பாயின்ட் ஒன்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் போவார். கரூரில் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள் நான். ஓடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், நீதிபதி வேலையும் என் தலையில் விழுந்துவிட்டது.

இந்தப் பஞ்சாயத்துக்குக் காரணம் என் தம்பி. சிங்கப்பூரில் வேலை. 2023 டிசம்பரில் லீவுக்கு வந்தவன் பிள்ளைகளுக்காக ஒரு ஸ்விட்ச் கருவியும் இரண்டு ஜெல்டா கேம்களும் வாங்கி வந்தான். “படிக்கிற பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு தம்பி?” என்று கேட்டேன். “நீயும் விளையாடுக்கா” என்றான். சிரித்துவிட்டு ஹெம்மிங் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆனால், ஊசி ஒரு பக்கம் ஓடும்போது கண் டி.வி பக்கம் ஓடியது. பச்சைப் புல்வெளி, தூரத்தில் ஒரு பாழடைந்த கோட்டை, நம் இஷ்டத்துக்கு எந்த மலையிலும் ஏறலாம் என்ற சுதந்திரம். ஒரு வாரத்தில் நானும் ‘இந்தப் பக்கம் போடா, அங்கே ஏதோ மின்னுது’ என்று வழி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

பேர் அவளுக்கு, வாள் அவனுக்கு

இந்த கேமைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைரூல் என்று ஒரு ராஜ்ஜியம். அதன் இளவரசி ஜெல்டா. வாள் வீரன் லிங்க். எத்தனை முறை வீழ்த்தினாலும் யுகம் தாண்டித் திரும்பி வரும் தீய சக்தி கேனன். பெரும்பாலும் ஒவ்வொரு கேமிலும் வேறு காலம், வேறு லிங்க், வேறு ஜெல்டா. சண்டை மட்டும் அதே சண்டை.

முதல் கேம் வந்தது 1986 பிப்ரவரியில். உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஷிகெரு மியாமோட்டோ. சின்ன வயதில் கியோட்டோவுக்குப் பக்கத்தில் காடு, குகை என்று தனியாகச் சுற்றிய அனுபவத்தைத்தான் கேமாக்கினார் என்பார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி பெயர் ஜெல்டா. அந்தப் பெயரின் ஓசை பிடித்துப்போய் இளவரசிக்கு வைத்ததாக மியாமோட்டோ சொல்லியிருக்கிறார். லிங்க் என்றால் இணைப்பு. ஆடுபவரையும் கேம் உலகத்தையும் இணைக்கிறவன் என்று பொருள்.

கேமைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் வாள் வைத்திருக்கும் பையன்தான் ஜெல்டா என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாமியார் இன்று வரை லிங்க்கை ‘அந்த ஜெல்டா பையன்’ என்றுதான் சொல்கிறார். அவர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. கேமின் பெயர் அவளுடையது, ஆட்டம் அவனுடையது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி என்று நம் படத்தைப் போட்டுவிட்டு, முடிவுகளை வேறு யாராவது எடுப்பதைப் போல.

பழைய கேம்களைப் பற்றி மகள் தேடித் தேடிப் படித்துச் சொல்வாள். 1998-ல் வந்த ‘ஓகரினா ஆஃப் டைம்’ கேமில், ஜெல்டா ஏழு வருடம் ஷீக் என்ற மாறுவேடத்தில் தலைமறைவாக இருந்து லிங்க்குக்கு வழிகாட்டுகிறாள். வில்லனால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆனால், ‘நான்தான் ஜெல்டா’ என்று முகத்திரையை விலக்கிய சில நிமிடங்களில் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். 2002-ல் வந்த ‘விண்ட் வேக்கர்’ கேமில் டெட்ரா என்று ஒரு பெண். கடற்கொள்ளைக் கப்பலின் கேப்டன். லிங்க்கையே மிரட்டி வேலை வாங்குகிறவள். அவள்தான் ஜெல்டா என்று தெரியவந்ததும், ‘உனக்கு ஆபத்து, நீ இங்கேயே பத்திரமாக இரு’ என்று கடலுக்கடியில் இருக்கும் கோட்டையில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

“அதாவதும்மா, அவ வேற யாராவோ இருக்குற வரைக்கும் சண்டை போடலாம். ஜெல்டான்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள போயிடணும்” என்றாள் மகள். நான் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஊசி ஒரு நிமிடம் நின்றுவிட்டது.

கடைசிச் சண்டைகளில் ஜெல்டா சும்மா நிற்பதில்லை. ஒன்றில் தன் சக்தியால் கேனனைக் கட்டிப்போடுகிறாள். இன்னொன்றில் ஒளி அம்பு விடுகிறாள். 2006-ல் வந்த ‘ட்வைலைட் பிரின்சஸ்’ கேமில் குதிரையில் லிங்க்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடி அம்பு தொடுக்கிறாள். எல்லாம் செய்வாள். கடைசி வெட்டு மட்டும் லிங்க்குடையது.

வானத்தில் சுற்றும் பெண்

தம்பி வாங்கி வந்த முதல் கேம், 2017-ல் வெளியான ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’. அதில் வரும் ஜெல்டாவை எனக்கு உடனே பிடித்துப்போனது. அவளுக்குப் பழங்கால இயந்திரங்கள் என்றால் உயிர். ஆராய்ச்சி செய்ய வேண்டும், குறிப்பு எடுக்க வேண்டும், தவளை பூச்சியைக்கூடக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்பாவான ராஜாவோ அதற்குத் தடை போடுகிறார். ‘இயந்திரத்தோடு விளையாடியது போதும், போய்ப் பிரார்த்தனை செய். உனக்குள் இருக்கும் தெய்விக சக்தி விழிக்க வேண்டும்’ என்கிறார். சின்ன வயதிலிருந்து குளிர்ந்த தண்ணீரில் நின்று பிரார்த்தனை செய்கிறாள். சக்தி வரவில்லை. ஊர் பேசுகிறது.

அவளுடைய 17-வது பிறந்த நாளன்று கேனன் எழுகிறான். எல்லாம் நாசமாகிறது. அடிபட்டுச் சாகக் கிடக்கும் லிங்க்கைக் காப்பாற்றக் குறுக்கே போய் நிற்கும்போதுதான் அவளுடைய சக்தி விழிக்கிறது. லிங்க்கைக் குணமாகட்டும் என்று ஒரு குகையில் தூங்க வைக்கிறார்கள். அவன் தூங்குவது 100 வருடம். அந்த 100 வருடமும் கோட்டைக்குள் தனியாக நின்று கேனனை வெளியே விடாமல் அடக்கி வைத்திருப்பவள் ஜெல்டா. பிறகு அவன் எழுந்து வந்து, மலை ஏறி, மீன் பிடித்து, சமைத்துச் சாப்பிட்டு, ஆற அமரக் கோட்டைக்குப் போகிறான்.

“அவ அங்க 100 வருசமா நின்னுட்டு இருக்கா. இவன் இங்க காளான் பொறுக்கிட்டு இருக்கான்” என்று என் மாமியார் கோபப்பட்டதை மறக்க முடியாது.

இதன் தொடர்ச்சிதான் 2023 மே 12-ம் தேதி வெளியான ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’. முதல் மூன்று நாளில் உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. 2019-ல் வந்த முதல் முன்னோட்டத்தில் ஜெல்டாவும் லிங்க்கும் சேர்ந்து ஒரு பாதாளக் குகைக்குள் நடந்து போவார்கள். அதைப் பார்த்து, ‘இந்த முறை ஜெல்டாவாகவும் ஆடலாம் போல’ என்று ஆசைப்பட்ட ரசிகர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். கேம் தொடங்கி சில நிமிடங்களில் தரை பிளந்து ஜெல்டா விழுகிறாள். லிங்க் கை நீட்டுகிறான். எட்டவில்லை. அதோடு அவள் காணாமல் போய்விடுகிறாள்.

விழுந்தவள் ராஜ்ஜியம் தோன்றிய ஆதி காலத்துக்குப் போய்ச் சேர்கிறாள். அங்கே ராவ்ரு என்ற ராஜாவும் சோனியா என்ற ராணியும் அவளைச் சொந்த மகள் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு கேனன்டார்ஃப் வருகிறான், ராணி சாகிறாள், ராஜா தன் உயிரைக் கொடுத்து அவனைச் சிறை வைக்கிறார். ஆனால், ஜெல்டாவுக்குத் தெரியும், எதிர்காலத்தில் அவன் எழப்போகிறான். லிங்க்கின் வாளோ உடைந்து கிடக்கிறது. அந்த வாள் சரியாக வேண்டுமானால் தெய்விக ஒளியில் நெடுங்காலம் ஊற வேண்டும்.

ஒரே வழிதான் இருக்கிறது. ரகசியக் கல் என்று ஒன்றை விழுங்கினால் சாகா வரம் பெற்ற டிராகனாக மாறலாம். ஆனால், தான் யார் என்பது மறந்துபோகும். செய்யாதே என்று பெரியவர்கள் எச்சரிக்கிறார்கள். ஜெல்டா விழுங்குகிறாள். வாளைத் தலையில் சுமந்துகொண்டு, பெயர் மறந்து, ஊர் மறந்து, யுகயுகமாக வானத்தில் சுற்றுகிறாள்.

பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்தது மகளின் பிளஸ் டூ பரீட்சை முடிந்த மே மாத விடுமுறையில். அதற்கு முன்பே பல நாளாக அந்தப் பொன்னிற டிராகன் வானத்தில் போவதைப் பார்த்திருக்கிறோம். ‘அழகா இருக்குல்ல’ என்று சொல்லியிருக்கிறோம். அதுதான் ஜெல்டா என்று தெரிந்ததும் வீடே அமைதியாகிவிட்டது. மகள் அழுதாள். மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “செம ட்விஸ்ட்டு” என்றான். மாமியார் டி.வி-யைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

நான்கு பேர், நான்கு தீர்ப்பு

கடைசிச் சண்டையில் மகன் திணறித்தான் போனான். கேனனின் உயிர்க்கோடு திரையின் அகலத்துக்கு நீண்டுகொண்டே போகும். நாம் விலகினால் அவனும் விலகுவான். அவன் அடித்தால் நம் உயிர் குறைவதோடு, இதயமே உடைந்துபோகும். அதைச் சரிசெய்ய சன்டிலியன் என்ற பூவைப் போட்டுச் சமைத்த சாப்பாடு வேண்டும். பூவைத் தேடிப் பறித்து, சமைத்து, மூட்டை கட்டிக் கொடுத்த ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். கேமில்கூட எனக்குச் சமையல் டிபார்ட்மென்ட்!

ஒருவழியாகக் கேனன் வீழ்ந்தான். அவனும் கல்லை விழுங்கிக் கறுப்பு டிராகனாகி லிங்க்கை வானத்துக்குத் தூக்கிப் போக, தன்னையே மறந்த அந்தப் பொன் டிராகன் எங்கிருந்தோ வந்து லிங்க்கைக் காப்பாற்றித் தன் முதுகில் சுமக்கிறது. லிங்க் கடைசி வெட்டு வெட்டுகிறான். ராவ்ரு, சோனியா ஆவிகளின் உதவியால் ஜெல்டா மறுபடி மனுஷியாகிறாள்.

பஞ்சாயத்து அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. அடுத்த பாகம் வந்தால் யார் கொல்ல வேண்டும்?

மகன் கட்சி: “லிங்க்தான். அவன் பேசவே மாட்டான், கவனிச்சியாம்மா? ஏன்னா அவன் இடத்துல நான் இருக்கேன். நான் விழுந்தேன், நான் செத்தேன், நான் திரும்ப ஏறினேன். கடைசி வெட்டை வேற ஒருத்தர் வெட்டினா நான் எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டேன்?” நியாயமான கேள்வி. படம் பார்ப்பதற்கும் கேம் ஆடுவதற்கும் உள்ள வித்தியாசமே அதுதான். சினிமாவில் யார் ஜெயித்தாலும் நாம் கைதட்டுகிறோம். கேமில் நம் கட்டைவிரல் வலிக்கிறது.

மகள் கட்சி: “லிங்க்கே கொல்லட்டும். ஜெல்டாவுக்கு அது தேவையே இல்லை. அவதான் ஏற்கெனவே ஜெயிச்சுட்டாளே. வாள் சரியானதே அவளால. தியாகம் பண்றதுதான் பெரிய ஜெயிப்பு. வெட்டுறது சின்ன விஷயம்.”

மாமியார் கட்சி: “நரகாசுரனை யாரு கொன்னா? சத்யபாமா. பெத்தவ கையாலதான் சாவுன்னு அவனுக்கு வரம். பூமாதேவியோட அவதாரம்தான் பாமா. கிருஷ்ணர் தேருல மயங்கி விழுந்தாரு, அவ வில்லை எடுத்தா.”

“அவர் மயங்குற மாதிரி நடிச்சாருன்னு நீங்கதானே சொன்னீங்க அப்பத்தா?” என்று மகன் மடக்கினான்.

“நடிச்சாரோ, நெசமாவே மயங்கினாரோ. அம்பு விட்டது யாரு?”

என் வீட்டுக்காரர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர். களைத்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், “கேனனை ஏன் கொல்லணும்? உக்காந்து பேசலாமே” என்றார். அவர் கட்சிக்கு ஓட்டு விழவில்லை.

எனக்கு உறுத்தியது மகள் சொன்னதுதான். தியாகம்தான் பெரிய ஜெயிப்பு. அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

1996-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். 1200-க்கு 1018. எங்கள் தெருவில் அந்த வருடம் அதுதான் அதிக மார்க். அப்பா தறி போட வாங்கிய கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. தம்பி ஒன்பதாவதிலிருந்து பத்தாவது போகிறான். ‘படிக்க வேண்டாம்’ என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன், “தையல் கத்துக்கறேன்ப்பா. தம்பி நல்லாப் படிக்கட்டும்.” அப்பா என் தலையில் கை வைத்தார். அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, ‘இந்தப் பொண்ணு அந்தக் குடும்பத்துக்குத் தூண்’ என்பார்கள்.

எனக்கு வருத்தம் என்று சொல்ல மாட்டேன். தம்பி படித்தான், ஆளானான், கடனை அடைத்தான், என் கல்யாணத்துக்கு நின்றான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருகிறான். ஆனால், தூண் என்று சொன்ன யாரும், தூணுக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்டதில்லை. தூணைத் தொட்டுக் கும்பிடுவார்கள். நகர்ந்து போகச் சொல்ல மாட்டார்கள்.

கடந்த கவுன்சலிங் சமயத்தில் ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவரின் அளவைத் தேடி என் அளவு நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் மகளின் கையெழுத்து. கல்லூரிகளின் வரிசை. முதலில் ‘கிண்டி – ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ்’ என்று எழுதி அடித்திருந்தாள். செயற்கைக்கோள் படங்களையும் நிலப்படங்களையும் வைத்துப் படிக்கிற படிப்பு அது. கேமில்கூட மகன் சண்டைக்கு ஓடும்போது, இவள் மேப்பைத் திறந்து எந்த ஆறு எங்கே போகிறது என்று குறி போட்டுக்கொண்டிருப்பாள். அடித்த வரிக்கு மேலே, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஒரு கல்லூரியை முதல் இடத்துக்கு ஏற்றியிருந்தாள். பக்கத்தில் பென்சிலில் ஒரு கணக்கு. ஹாஸ்டல், மெஸ், தம்பி டியூஷன்.

ராத்திரி மெஷினுக்கு எண்ணெய் விட்டு மூடும்போது கேட்டேன், “கிண்டியை ஏன் கண்ணு அடிச்சிருக்க?”

“முதல் பட்டதாரின்னு டியூஷன் ஃபீஸ் குறையும்மா. ஆனா, ஹாஸ்டல் செலவு இருக்குல்ல. தம்பியும் அடுத்த வருசம் பிளஸ் ஒன். நான் இங்கேயே படிச்சுக்கறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை.”

“யாராவது உன்னை அப்படிச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலை. நானாத்தான் முடிவு பண்ணினேன்.”

நானாகத்தான். எனக்கு அந்த மே மாதக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. ஜெல்டாவையும் யாரும் கல்லை விழுங்கச் சொல்லவில்லை. தடுக்கத்தான் செய்தார்கள். ஆனால், அவள் முன்னால் வேறு வழி எதையும் கதை வைக்கவில்லை. ஒரே கதவு இருக்கும் அறையில் ஒரு பெண்ணை விட்டுவிட்டு, ‘பார், அவளாகவே அந்தக் கதவு வழியாகப் போனாள்’ என்று சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு அழுகிறோம், கும்பிடுகிறோம். அடுத்த கதையில் மறுபடி அதே அறையைக் கட்டுகிறோம்.

“நீ பண்ணலையாம்மா?” என்றாள். குத்திக்காட்ட அல்ல. அவளுக்கு அது பெருமைதான்.

“பண்ணினேன். அதனாலதான் சொல்றேன். அந்த டிராகனுக்குத் தன் பேரே தெரியாது, பாத்தல்ல? அஞ்சாறு வருசம் தைச்சப்புறம், எனக்கு என்ன படிக்கணும்னு ஆசையா இருந்துச்சுன்னே மறந்துபோச்சு. யோசிச்சாக்கூட வரலை.”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கடைசியில ஜெல்டா திரும்பி வந்துட்டாளே” என்றாள்.

“அங்க ரெண்டு ஆவி வந்து மந்திரம் போட்டாங்க. இங்க யாரு வருவா?”

சிரித்துவிட்டாள். அதற்கு மேல் நானும் பேசவில்லை. மறுநாள் அவள் அப்பா, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்கு போட்டார். கல்விக்கடன், என் தையல் சீட்டு, அவருடைய ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை தம்பி, “ஹாஸ்டல் செலவு என்னோடதுக்கா” என்றான். “கடனாக் குடு தம்பி. அவ வேலைக்குப் போய்த் திருப்பித் தருவா” என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரிக்கா” என்றான்.

வரிசை மாறியது. கிண்டி முதலில் ஏறியது. இடமும் கிடைத்தது.

கட்டிலை வைத்துச் சண்டை போட்டவள்

மகள் சென்னை போன பிறகு வீடு வெறிச்சென்றாகிவிட்டது. தம்பி தன் நண்பர் மூலம் இன்னொரு ஜெல்டா கேம் கொடுத்து அனுப்பினான். ‘இது உனக்கு மட்டும்க்கா’ என்று வாட்ஸ்அப்பில் சொன்னான். 2024 செப்டம்பரில் வெளியான ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’. இயக்கியவர் டொமோமி சானோ. இந்த வரிசையில் இயக்குநராகப் பொறுப்பேற்ற முதல் பெண். நிண்டெண்டோவின் ஜெல்டா வரிசையில் ஜெல்டாவே முழு நாயகியாக வந்ததும் இதில்தான்.

ஆரம்பத்தில் லிங்க் கேனனை வீழ்த்துகிறான். அடுத்த நொடியே ஒரு பிளவு அவனை விழுங்கிவிடுகிறது. விழுவதற்கு முன் அம்பு விட்டு ஜெல்டாவை விடுவிக்கிறான். பார்த்தீர்களா, அம்பு விடும் வேலை இந்த முறை அவனுக்கு! அதன் பிறகு எல்லாம் அவள் பொறுப்பு. அவளிடம் ஒரு மாயக்கோல். எந்தப் பொருளைப் பார்க்கிறாளோ அதன் நகலை உண்டாக்கலாம். மேசை, பானை, கட்டில், தோற்கடித்த அரக்கர்கள்கூட.

பள்ளம் வந்தால் கட்டிலைக் குறுக்கே போடுகிறாள். மதில் வந்தால் மேசைமேல் மேசை அடுக்கி ஏறுகிறாள். களைத்துப்போனால் அதே கட்டிலில் படுத்து எழுகிறாள், உயிர் ஏறிவிடுகிறது. இருப்பதை வைத்துச் சமாளிப்பது. இந்த வித்தையில் எனக்கு 20 வருடத்துக்கும் மேல் சர்வீஸ். மகன் “வாளே இல்லாம போரடிக்குதும்மா” என்று எழுந்து போய்விட்டான். நான் விடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம். ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. எத்தனை முறை தோற்றேன் என்று கணக்கில்லை. கடைசிச் சண்டையில் லிங்க் வந்து சேர்ந்துகொண்டான், இருவரும் சேர்ந்தே ஜெயித்தார்கள். கன்ட்ரோலர் என் கையில் இருந்தது. யாருக்கும் சாப்பாடு மூட்டை கட்டிக் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி மகளுக்கு போன் போட்டுச் சொன்னேன். ஹாஸ்டல் வராந்தாவிலிருந்து கத்தினாள். பக்கத்து அறைப் பெண்கள் என்னவோ ஏதோவென்று வந்து பார்த்தார்களாம்.

ஆனால், வழக்கு இன்னும் முடியவில்லை. ஏனென்றால், அதில் கடைசி வில்லன் கேனன் இல்லை. நல் என்ற வேறொரு சக்தி. கேனனோடு ஜெல்டாவுக்கு இருக்கும் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

என் தீர்ப்பு

அடுத்த பெரிய பாகத்தில் கேனனை ஜெல்டாதான் கொல்ல வேண்டும். காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

பழிவாங்க அல்ல. 100 வருடம் நின்றதற்கும், யுகயுகமாகப் பறந்ததற்கும் கூலியாகவும் அல்ல. என் மகன் சொன்ன காரணத்தால்தான். விழுந்து, செத்து, திரும்ப ஏறிய அனுபவம் ஆடுகிறவருடையது. அந்த அனுபவத்தை ஒரு முறையாவது ஜெல்டாவாக இருந்து பெற வேண்டும். அவள் தோற்க வேண்டும். கேனன் அடிக்கும்போது விலகத் தெரியாமல் விழ வேண்டும். அடுத்த முறை எந்தப் பக்கம் விலகுவது என்று அவளே கற்றுக்கொள்ள வேண்டும். தியாகத்தில் ‘இன்னொரு தடவை முயற்சி செய்’ என்ற பட்டனே கிடையாது. கல்லை ஒரு முறைதான் விழுங்க முடியும். சண்டையில் அந்த பட்டன் உண்டு.

இன்னொன்று. கடைசி வெட்டு வெட்டுகிறவருக்குப் புகழைவிடப் பெரிய ஒரு லாபம் இருக்கிறது. அவர் தன் நினைவோடு, தன் பெயரோடு கோட்டையை விட்டு நடந்து வெளியே வருகிறார். யாரோ மந்திரம் போட்டு அவரை மீட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை.

தியாகத்தைக் குறைத்துப் பேசவில்லை. நான் தைத்த துணிகளில் ஒரு குடும்பம் நிமிர்ந்தது, அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். தியாகத்தைக் கொண்டாடும் வீடு, அடுத்த தடவை வேறு யாராவது அதைச் செய்யட்டும் என்று முறை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் ஒருத்தி எப்போதும் பறந்துகொண்டே இருப்பாள், மற்றவர்கள் அண்ணாந்து பார்த்து ‘அழகா இருக்குல்ல’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

ஜெயித்த பிறகு அவளை மறுபடி சிம்மாசனத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது என் கூடுதல் நிபந்தனை. ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ கேமில் ஹடேனோ என்ற மலைக் கிராமத்தில், ஜெல்டா பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே போகட்டும். சின்ன வயதில் அப்பா தடுத்த இயந்திரங்களைத் திறந்து பார்க்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எல்லோரும் இருக்கும்போது இந்தத் தீர்ப்பை வாசித்தேன். மாமியாருக்குப் பரம திருப்தி. “நான் அன்னிக்கே சொன்னேன்ல, பாமாதான்னு” என்றார். தம்பி கை தட்டினான். மகள் தன் கட்சியிலிருந்து இறங்கி வரவில்லை, “டிராகன் சீன் மாதிரி வராதும்மா” என்றாள். இருக்கட்டும், வாதாடட்டும். அதற்குத்தான் அனுப்பியிருக்கிறோம்.

மகன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். “அப்ப லிங்க் என்னதான் பண்ணுவான்?”

“சன்டிலியன் பூ பறிச்சு, சமைச்சு, மூட்டை கட்டிக் குடுக்கட்டும்” என்றேன். “நல்ல வேலைதான்டா அது. நான் கத்துத் தர்றேன்.”